கிணற்றில் இறக்கிய குப்பி

1

நான் ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். இந்த ஒரு வரியை ஊரில் யாரிடமும் நேராகச் சொல்ல முடியாது. நம்மூரில் ஒயின் கடை என்றால் கம்பி வலைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்துகொண்டு கை நுழையும் ஓட்டை வழியாகக் குப்பிகளைத் தள்ளுவதும், வெளியே இன்னொருவர் அவித்த கடலையும் பிளாஸ்டிக் டம்ளரும் விற்பதும்தான். விடுமுறைக்கு வரும்போது தக்கலை பஸ் நிலையத்தில் பழைய சேக்காளி எவனாவது பிடித்துக்கொள்வான். "பிரான்சிலயும் போயி குப்பிதான் விக்கியா மக்கா?" என்பான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். விளக்கப் போனால் நாகர்கோவில் பஸ் போய்விடும்.

போர்தோ நகரத்தில் ஒரு பழைய ஒயின் வியாபாரியின் பாதாள அறைதான் என் அலுவலகம். வெளியே வெயிலடித்தாலும் பனி பெய்தாலும் உள்ளே ஒரே குளிர், ஒரே இருட்டு, ஈரச் சுவரின் ஒரே வாசனை. காலையில் முதல் வேலை சுவை பார்ப்பது. வாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால் காப்பி கிடையாது. மூக்கும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை என் மனைவி கிரேஸ் கருவாடு பொரிக்கக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்மேல் வைத்திருக்கும் ஒரே பெரிய குறை இதுதான். கிளாஸை வெள்ளைத் துணிமேல் சாய்த்து நிறம் பார்ப்பேன், சுழற்றி முகர்வேன், ஒரு வாய் எடுத்து காற்றையும் சேர்த்து உறிஞ்சி நாக்கு முழுக்க உருட்டுவேன். பிறகு துப்பிவிடுவேன். என் வாழ்நாளில் நான் விழுங்கிய ஒயினைவிடத் துப்பிய ஒயின்தான் பல மடங்கு அதிகம். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

போன வாரம் எங்கள் மகள் ஷைனியின் கல்யாண நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, கடைக்கு வந்த ஓர் இளம் ஜோடி என்னிடம், நீங்கள் குடித்ததிலேயே மறக்க முடியாத ஒயினை எங்கே குடித்தீர்கள் என்று கேட்டது. பெரிய மாளிகை ஒன்றின் பெயரை எதிர்பார்த்திருப்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பலாமரத்தடியில் என்றேன். அந்தப் பெண் ஊரின் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் என்று கேட்டாள். நின்றுகொண்டே சொல்லக்கூடிய கதை இல்லை அது. தக்கலை தெரிந்த உங்களுக்கு எழுதுவதுதான் எனக்குச் சுலபம்.

2

கதையின் நாயகன் என் மாமனார். ஞானசிகாமணி மாமா. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தக்கலைக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர், முற்றத்தில் ஒரு பலா, பின்பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். அதைப் புகைப்புரை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசையில் உட்காரும் மூப்பர் அவர். எதற்கும் சத்தம் போடமாட்டார். சத்தம் போடாதவர்களோடுதான் பிழைப்பது கஷ்டம் என்று அவர் மருமகனான பிறகு எனக்குத் தெரிந்தது.

மாமாவின் அண்ணன் பெரிய குடிகாரர். பங்காகக் கிடைத்த ரப்பர் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் குடித்தார். கடைசியில் மரமும் இல்லை, அவரும் இல்லை. அண்ணனை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாமா ஓர் ஆணையிட்டார். என் வீட்டு வாசற்படியை இனிமேல் மது தாண்டாது. அதற்குப் பிறகு கிறிஸ்துமசுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் வீட்டு ஒயின் படியிலேயே திரும்பிவிடும். ரம் சேர்த்திருப்பார்கள் என்ற சந்தேகத்தில் பேக்கரி கேக்கும் உள்ளே போகாது. ஆனால் மூட்டு வலிக்காக மாமா காலையும் மாலையும் வைத்தியசாலையிலிருந்து வரும் அரிஷ்டம் குடிப்பார். பானையில் ஊறிப் புளித்துத்தானே அரிஷ்டமாகிறது, அதில் இருப்பது என்ன என்று எனக்குத் தொழில்முறையாகவே தெரியும். வாயைத் திறந்ததில்லை. மாமியார் வீட்டுச் சோறு எனக்கு வேண்டும்.

எனக்கு அவர் பெண் கொடுத்தபோது நான் மஸ்கட்டில் ஓட்டல் வேலையில் இருந்தேன். பிறகு ஒரு பயணிகள் கப்பல், அங்கிருந்து போர்தோவில் ஒரு உணவகம். முதல் வருடம் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. முதலாளியை 'நீ' என்றும் அவருடைய நாயை 'நீங்கள்' என்றும் பல மாதங்கள் கூப்பிட்டிருக்கிறேன். நாய்க்கு என்மேல் தனி மரியாதை இருந்தது. உணவகத்தில் குப்பி திறக்கக் கற்றுக்கொண்டு, அப்படியே ஒயின் பக்கம் நகர்ந்து, பாதாள அறைக்குள் இறங்கிவிட்டேன். மாமாவிடம் இதை மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "நீரு குடிக்கேரா?" என்று மட்டும் கேட்டார். துப்பிவிடுவேன் மாமா என்றேன். அப்படியும் ஒரு சம்பளமா என்றார்.

3

ஷைனி கைக்குழந்தையாக போர்தோவுக்கு வந்தவள். பள்ளிக்கூடம் போகும்வரை தமிழ் பேசினாள். பிறகு நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வதுமாக வீடு பழகிவிட்டது. கிரேஸ் விடாமல் கண்டித்து வளர்த்ததில் 'வாழைப்பழம்' மட்டும் நம்மூர்ப் பிள்ளைகளைப் போலச் சுத்தமாக வரும். மற்ற தமிழெல்லாம் உடைந்துதான் வரும். ஞாயிறுதோறும் பாட்டாவுடன் போனில் பேசுவாள். சுகமா, சாப்பிட்டீங்களா, ஆலயத்துக்குப் போனேன், படிக்கிறேன். இவ்வளவுதான் பேச்சு. மாமா போனை வைத்துவிட்டு, பிள்ளை நல்லா பேசுதே என்று எல்லாரிடமும் சொல்வார்.

அவள் கூடப் படித்தவன் லூக். திராட்சைத் தோட்டக்காரரின் ஒரே மகன். நல்ல பையன், கொஞ்சம் கூச்ச சுபாவம், எங்கள் வீட்டுக்கு வந்தால் தோசையை முள்கரண்டியால் வெட்டுவான். கல்யாணப் பேச்சு வந்தபோது நானும் கிரேசும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். மாமாவிடம் யார் சொல்வது என்றுதான் பயந்தோம். கடைசியில் ஷைனியே தன் உடைந்த தமிழில் போனில் சொல்லிவிட்டாள். மாமா கோபப்படவில்லை. பையனின் தாய் தகப்பன் என் வீட்டுக்கு வந்து பெண் கேட்கட்டும், நான் ஜெபம்பண்ணி நிச்சயம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

லூக்கின் அப்பா பெர்னாருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பிரான்சில் யாரும் யார் வீட்டுக்கும் போய்ப் பெண் கேட்பதில்லை. விசா மனுவில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'மகனுக்குப் பெண் கேட்க' என்று எழுதியிருக்கிறார் மனிதர். அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்து, சுற்றுலா என்று எழுதச் சொன்னார்கள். பெர்னார், நான் ஊர் சுற்றவா போகிறேன் என்று அங்கே இருந்த பெண்ணிடம் வாதாடியிருக்கிறார். அவர் மனைவி ஆன், அவர் காலை மிதித்து நிறுத்தினார்.

புறப்படுவதற்கு முன் பெர்னார் என்னைத் தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மூலையில், லூக் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த ஒயின், படுக்க வைத்த குப்பிகளாகத் தூசி படிந்து கிடந்தது. மகன் கல்யாணம் பேசும் நாளில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து திறப்பதற்கென்று அவன் பிறந்தபோதே எடுத்துவைத்தது. ஷைனியும் அதே வருடம் பிறந்தவள் என்பது அவருக்கு இன்னொரு சந்தோஷம். இரண்டு குப்பிகளைக் கம்பளிச் சட்டைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். மாமாவின் ஆணையைப் பற்றி அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் குடிக்கவேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார்.

4

ஓணம் முடிந்து மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், பெர்னாரும் ஆனும் லூக்கும் நாங்கள் மூன்று பேருமாகப் போய் இறங்கினோம். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்கவேண்டும் என்று பெர்னாருக்கு விமானத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். எப்போது, எதை என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன். மாமா வாசற்படியில் நின்று வரவேற்றார். பெர்னார் நேரே பெட்டியைத் திறந்து, கம்பளியை விலக்கி, ஒரு குப்பியை இரண்டு கையாலும் எடுத்து, தலையைக் குனிந்து நீட்டினார். விருந்தாளி நீட்டியதை மாமாவும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

"இது என்னவாக்கும் மருமவனே?"

சொன்னேன். மாமா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கையில் வைத்துக்கொண்டு படியைத் தாண்டவும் முடியாது. மூப்பர் குப்பியும் கையுமாக வாசலில் நிற்பதைப் பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கடைசியில் மாமா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். குப்பியைப் புகைப்புரையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெறுங்கையோடு வந்து, வாருங்கோ, உள்ள வாருங்கோ என்று எல்லாரையும் கூப்பிட்டார்.

ஒயினுக்கு ஆகாதவை நான்கு. சூடு, வெளிச்சம், ஆட்டம், நாற்றம். புகைப்புரையில் வெளிச்சமும் ஆட்டமும் கிடையாது, மற்ற இரண்டும் உண்டு. ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றமும் தேங்காய் மட்டைப் புகையும் கார்க்குக்குள் ஏறினால் அந்த ஒயினைக் கீழே ஊற்றவேண்டியதுதான். பெர்னார் நாகரிகமான மனிதர். மாமி கொடுத்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன அறை என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் பின்பக்கம் போய்க் குப்பியை எடுத்து ஒரு துவாலையில் சுற்றிப் பலாமரத்து நிழலில் வைத்தேன். வாசலிலேயே கிடந்த பெட்டியிலிருந்து மற்றதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

மத்தியானம் ஷைனி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அழுதாள். குப்பியைத் திறந்தால் பாட்டா ஜெபம் பண்ணமாட்டார், அவர் ஜெபம் பண்ணாத நிச்சயம் எனக்கு வேண்டாம் என்றாள். லூக்கின் அப்பா இந்த நாளுக்காகக் காத்துக்கிடந்த மனுஷர், அந்தக் குப்பியைத் திறக்காமல் அவர் திரும்பிப் போவதும் என்னால் தாங்க முடியாது என்றாள். இரண்டையும் தமிழில்தான் சொன்னாள். அவள் தமிழில் அழுது நான் பார்த்தது பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பாட்டாவிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

5

சாயங்காலம் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே என்று ஆரம்பித்தேன். இது அவர் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. அது புளிக்காத ரசம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். குப்பி இருக்கும் பந்தியில் நான் ஜெபம் பண்ணமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் போதகரை அழைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன். பெர்னார் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும்.

"இது எப்ப உள்ளதாக்கும்?"

"பையனும் ஷைனியும் பொறந்த வருசம் உள்ளது மாமா."

"அப்பம் இருவத்தி மூணு வருசம். எங்க வச்சிருந்தாரு?"

வீட்டுக்குக் கீழே ஓர் அறை என்றேன். பூட்டு உண்டா என்று கேட்டார். கிடையாது. தினமும் அதே அறைக்குள்தான் போய்வருவாரா என்றார். பெர்னாரிடம் கேட்டுச் சொன்னேன். தினமும் போவார், எப்போதாவது அந்த மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வருடம் பனி விழுந்து கொடிகள் எல்லாம் கருகிப்போய் விளைச்சலே இல்லை, அறையில் இருந்த பழைய குப்பிகளை எல்லாம் விற்றுத்தான் சமாளித்தார், இவற்றைத் தொடவில்லை. பெர்னார் இதை எந்தப் பெருமையும் இல்லாமல் சொன்னார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

மாமா என்னைப் பார்க்காமல் பெர்னாரைப் பார்த்தே சொன்னார், தமிழிலேயே.

"எங்க அண்ணன் கையில ஒரு குப்பி ஒரு ராத்திரி தங்குனது கெடையாது. இவரு இருவத்தி மூணு வருசம் பூட்டு இல்லாத முறியில வச்சிட்டு, தொடாம இருந்திருக்காரு. அப்பம் இவரு குடிகாரன் இல்ல, கேட்டியளா. இது குடிக்கதுக்கு வச்சதும் இல்ல. பிள்ளைக்கு வச்சது."

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பல வருடம் ஆகிறது. பத்திரப்படுத்துவதைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு குப்பியை வைத்திருப்பதும் ஒரு விரதம்தான் என்று ஒரு மதுவிலக்குக்காரர் வாயிலிருந்துதான் கேட்கவேண்டியிருந்தது. ஆணை ஆணைதான், வாசற்படியைத் தாண்டாது என்றார் மாமா. முற்றத்தில் பந்தல் போட்டுப் பந்தி வைத்துக்கொள்ளலாம், முற்றம் படிக்கு வெளியேதானே என்றார். ஜெபமும் நானே பண்ணுகிறேன், சபையில் யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பெர்னாருக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குக் கையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

6

நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை குப்பிகளை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் இருக்கிறது, அதோடு அதற்குள் மாமியின் நெய்மீன் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நல்ல குளிரான இடம் என்றால் தக்கலையில் உள்ள ஏ.டி.எம். அறைகள்தான், அங்கே வைக்க முடியாது. கிணறு என்று சொன்னது கிரேஸ். ஆழமான கிணறு, உள்ளே பாசி படர்ந்த வெட்டுக்கல், வெயில் எட்டாது. நான் வேலை பார்க்கும் பாதாள அறையின் குளிர் இல்லைதான். ஆனாலும் இருட்டு உண்டு, ஈரம் உண்டு, நாற்றம் இல்லை. குப்பிமேல் ஒட்டியிருக்கும் சீட்டு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ரப்பர் பால் எடுக்கும் வாளியில் துணி சுற்றி நிறுத்தி, தண்ணீரைத் தொடும் அளவுக்கு இறக்கினோம். பெர்னார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, என் பாட்டனார் காலத்து அறை இதைவிட மோசமாக இருந்தது என்றார்.

பழைய ஒயினில் அடியில் வண்டல் இருக்கும். திறப்பதற்கு முந்தின நாளிலிருந்து குப்பியை அசையாமல் நிறுத்திவைத்தால்தான் அது கீழே படியும். கிணற்று மோட்டார் ஓடினால் சுவரே அதிரும். ஆகவே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். நிச்சயத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஆட்கள், குழாயில் தண்ணீர் இல்லை. மாமி வந்தவர்களைப் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வைத்தாள். ஒரு குப்பிக்கு இவ்வளவு சீராட்டா, எனக்குப் பிரசவம் நடந்தப்போகூட மோட்டாரை நிறுத்தினது இல்லியே என்று அவள் சொன்னது கிணற்றடியில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அப்போது மோட்டாரே இல்லை என்று மாமா திருத்தினார்.

அடுத்த சண்டை சாப்பாட்டில். மாமி முட்டம் கடற்கரையிலிருந்து நெய்மீன் சொல்லிவைத்திருந்தாள். அரைத்துவிட்ட மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் இல்லாமல் அவளுக்கு விருந்து விருந்தே இல்லை. மீனோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்ததுபோல இருக்கும். மிளகாய் கூடினால் ஒயினின் கசப்பும் எரிச்சலும் மேலே வந்துவிடும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாமி, எங்க வீட்டுல வந்து குடிக்கப்போற சாதனத்துக்கு நாங்க உப்பு புளி மாத்தணுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைசியில் பேரம் படிந்தது. மீன் முதல் பந்திக்கு, ஒயின் வருவதற்கு முன்பே. ஒயினோடு ஆட்டிறைச்சித் தீயல்.

தீயல் என்பது நம் பக்கத்தில் தேங்காயையும் மல்லியையும் கறுக்கும்வரை நிதானமாக வறுத்து அரைப்பது. பழைய போர்தோ ஒயினில் பழத்தின் வாசனை போய்விட்டிருக்கும். அதற்குப் பதில் தேவதாரு மரம், காய்ந்த இலை, புகையிலை, வறுத்த காப்பிக்கொட்டை என்று வேறு வாசனைகள் வந்து உட்கார்ந்திருக்கும். வறுத்த தேங்காய் அந்தக் கூட்டத்தில் சேரும் என்பது நான் பல நாள் மனதுக்குள் வைத்திருந்த எண்ணம். போர்தோவில் யாரிடமும் சொன்னதில்லை, சிரிப்பார்கள். மாமியிடம் புளியையும் மிளகாயையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். அதுக்குப் பேரு தீயல் இல்ல, ஆசுபத்திரிக் கஞ்சி என்றாள். ஆனால் குறைத்தாள்.

7

நிச்சய நாள். பலாமரத்தடியில் பந்தல், நீளமான மேசை, வெள்ளைத் துணி, சபையிலிருந்து சில பேர், உறவுக்காரர்கள். மீன் பந்தி முடிந்து எல்லாரும் எழுந்து வெற்றிலை போட்டார்கள். இரண்டு குடும்பமும் மட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா முன்னால் சுக்கு போட்டுக் காய்ச்சிய சுக்குவெள்ளம், எங்கள் முன்னால் நான் போர்தோவிலிருந்து சுமந்து வந்த கிளாஸ்கள். மாமி தீயலைக் கொண்டுவந்து வைத்தாள்.

பெர்னார் குப்பியைத் திறந்தார். கார்க் நொறுங்காமல் முழுதாக வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, வண்டல் வராமல் கண்ணாடிக் கூஜாவில் மெதுவாக ஊற்றினார். பந்தலுக்கு அடியில் அந்த மணம் எழுந்து வந்தது. ஆகா, போர்தோவில்கூட இப்படி ஒரு மணத்தை நான் அதிகம் கண்டதில்லை. பெர்னார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் முதல் கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது மாமா எழுந்து நின்று, ஜெபிப்போம் என்றார்.

மாமாவின் ஜெபத்தைப் பற்றி நான் பெர்னாரிடம் சொல்லவே இல்லை. சபையில் அவர் ஜெபம் பண்ண எழுந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் சாய்த்துக்கொள்வார்கள். சிருஷ்டிப்பிலிருந்து தொடங்குவார். அன்றும் அப்படித்தான். தேசத்தை ஆளுகிறவர்கள், போதகர்கள், விதவைகள், கடலில் தொழில் செய்கிறவர்கள், சுனாமியில் உறவைப் பறிகொடுத்தவர்கள், கீரிப்பாறைத் தோட்டத் தொழிலாளிகள், இறங்கிக்கொண்டே போகும் ரப்பர் விலை. நான் கண்ணை மூடியிருந்தேன், மூக்கு மூடவில்லை. பழைய ஒயின் காற்றுப் பட்டால் சட்டென்று மலரும், அதே வேகத்தில் வாடிவிடும். இளம் ஒயின் என்றால் இந்த ஜெபம் அதற்கு நல்லது. இது இருபத்து மூன்று வருடக் கிழம், அதுவும் நம்மூர் உச்சிவெயிலில். தேவதாரு போனது. புகையிலை போனது. மாமா இன்னும் பெண் வீட்டு உறவுகளின் பெயர்களையே சொல்லி முடிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பெர்னாரும் ஒரு கண்ணைத் திறந்து கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமாவின் குரல் தாழ்ந்தது.

"ஆண்டவரே, பிள்ளை பிறந்த நாளிலேயே அவன் கலியாணத்தை நினைத்து எடுத்துவைத்து, இத்தனை வருஷம் காத்திருந்த இந்த மனுஷனுடைய பொறுமைக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளையையும் இவர் அப்படியே காத்துக்கொள்வாராக."

ஷைனி அதைப் பெர்னாரின் காதில் சொன்னாள். அவர் திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டார். ஆமென் சொன்ன பிறகும் திறக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது. கூஜாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நான் உட்பட.

ஊற்றிக் குடித்தோம். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அது என் தொழில். விளிம்பில் செங்கல் நிறம் அழகாக இருந்தது. நாக்கில் பட்டுப்போல இறங்கியது. ஆனால் அதன் நல்ல நேரம் ஜெபத்தின் நடுவிலேயே எங்கோ கடந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது மெல்லிய இனிப்பும், ஈர மண்ணின் வாசனையும்தான். தீயலில் ஒரு துண்டு இறைச்சி தின்றுவிட்டு மறுபடி ஒரு வாய் எடுத்தேன். வறுத்த தேங்காய் பட்டதும் போய்விட்டதென்று நினைத்த காப்பிக்கொட்டை வாசனை திரும்பி வந்தது. ஆன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாமியைப் பார்த்தார். பெர்னார் இரண்டாவது முறை தீயல் வாங்கினார். நான் துப்பவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

மாமா கிளாஸ் ஒன்றை எடுத்து, தூரத்தில் வைத்தே முகர்ந்து பார்த்தார். அரிஷ்டம் மணமாக்கும் வருது என்றார். நான் பலாமரத்தைப் பார்த்தேன்.

பெர்னார் சிரித்துக்கொண்டே, பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவதைத் தேவதூதர்களின் பங்கு என்று எங்கள் ஊரில் சொல்வோம், இன்றைக்கு அவர்களுக்குப் பெரிய பங்கு என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "தேவதூதம்மாரு குடிக்கமாட்டாவன்னு சொல்லும்" என்றார்.

8

மறுநாள் காலையில் மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். பெர்னாரும் கூட வந்தார். வாளியில் இன்னொரு குப்பி இருந்தது. அதை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டார் மாமா. உங்களுக்குத்தான் என்றார் பெர்னார். மாமா அதை எதிர்பார்த்தவர்போலத் தலையை ஆட்டினார்.

கொத்தனாரை ஏற்கெனவே வரச்சொல்லியிருந்தார். கிணற்றின் உட்சுவரில், தண்ணீருக்கு மேலே, வெயில் வராத பக்கத்தில், ஒரு குப்பி படுக்கும் அளவுக்கு வெட்டுக்கல்லில் ஒரு மாடம் குடைய வேண்டும். குப்பி ஏன் படுக்கவேண்டும் என்று பெர்னாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கார்க் காய்ந்தால் சுருங்கி உள்ளே காற்று புகுந்துவிடும், ஒயின் அதை நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மோட்டாரைத் தள்ளி வைத்துக்கொள்வோம் என்றார் மாமா. கொத்தனார் கயிற்றில் இறங்கிக் கொத்திக்கொண்டிருக்கும்போது, யாருக்கு இது என்று நான் கேட்டேன்.

"ஷைனிக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கு. இவரு ஒண்ணு வச்சாரு. நானும் ஒண்ணு வைக்கணும்லா."

பெர்னார் விரல்விட்டு எண்ணினார். இந்த ஒயின் இன்னும் பல வருடம் தாங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தேன். அவர் மாமாவிடம், நல்ல இடம், நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். மாமாவுக்கு அன்று எழுபத்தொன்பது வயது. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் பேசும்போது தான் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா? குப்பியை அவரே கொத்தனார் கையில் இரண்டு கையாலும் கொடுத்தார். மாடத்தில் படுக்கவைத்து, தூசி விழாமல் ஓட்டுத்துண்டு ஒன்றைச் சாத்திவிட்டுக் கொத்தனார் மேலே வந்தார்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் மூன்று பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா என் பக்கம் சாய்ந்து, பெர்னாருக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேத்து ஜெபம் கொஞ்சம் நீண்டு போச்சோ?"

இல்லை மாமா என்றேன். அவர் நம்பவில்லை. "இதத் தெறக்கும்போ நான் இருக்கமாட்டேன். நீரு சொல்லிக்குடும்," என்றார். "மொதல்ல ஜெபம். பெறவு குப்பி."